கூண்டில் ஒரு பாலை நாடோடி

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் மழைக்கு மாதக் கணக்கு கிடையாது. ஐப்பசி பிறந்தால் அடைமழை என்று நம்பி உட்கார முடியாத நிலம் அது. வருடக் கணக்கில் வானம் பொய்க்கும். பிறகு ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். புல் முளைத்து, கதிர் விட்டு, விதை முற்றும் நேரம் பார்த்து எங்கிருந்தோ கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும் ஒரு சாம்பல் நிறப் பறவை. மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் நிமிர்ந்த கொண்டை. விதை தீர்ந்ததும் கிளம்பிவிடும். தண்ணீரும் விதையும் எங்கே இருக்கிறதோ அதுதான் அதற்கு ஊர்.

அந்த நாடோடியைத்தான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ‘காக்டெயில்’ என்ற பெயரில் கூண்டு கூண்டாக விற்கிறார்கள். கிளியில் ஒரு ரகம் என்று நினைத்து வாங்கிப் போகிறவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நீண்ட வாலையும் ஒல்லியான உடல்வாகையும் பார்த்துப் பறவையியலாளர்களே வெகுகாலம் குழம்பியிருக்கிறார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகுதான் வழக்கு தீர்ந்தது. கொண்டை வைத்த பெரிய வெள்ளைக் கொக்கட்டூக்களின் குடும்பத்தில் இது கடைக்குட்டி. எடை 80 முதல் 100 கிராம்தான். நீளம் சுமார் 30 சென்டிமீட்டர், அதிலும் பாதி வால்.

கேப்டன் குக் 1770-ல் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையைத் தொட்ட பிறகுதான் ஐரோப்பியர்களுக்கு இந்தப் பறவை தெரியவந்தது. 1792-ல் ராபர்ட் கெர் என்பவர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆஸ்திரேலியப் பறவைகளை வரைந்து பதிப்பித்த ஜான் கூல்டின் காலத்தில், ஐரோப்பியக் கூண்டுகளுக்குள் வந்து சேர்ந்தது. 1960-ல் ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பறவைகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இன்று உலகெங்கும் விற்கப்படுபவை கூண்டிலேயே பிறந்து, கூண்டிலேயே குஞ்சு பொரித்த பரம்பரைகள்.

ஆனால் அந்தப் பரம்பரைக்கு வயது 200 ஆண்டுகூட ஆகவில்லை. நாய் நம்மோடு சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதன் வயிறும் குணமும் மனிதனுக்கு ஏற்ப மாறிவிட்டன. காக்டெயிலிடம் வளர்ப்பவர்கள் மாற்றியது பெரும்பாலும் நிறத்தை மட்டும்தான். 1958-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோன்றிய லுட்டினோ வகை, உடலெல்லாம் வெண்மஞ்சளாகச் சந்தையில் அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது பழைய பாலைப் பறவையேதான். அதனால் ‘காக்டெயில் வளர்க்கப் பத்து வழிகள்’ என்று மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி வழிகள் தாமாகவே புலப்படும்.

மூச்சிலிருந்து தொடங்கலாம். நமக்குக் காற்று உள்ளே போன வழியாகவே திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பழைய காற்று நுரையீரலிலேயே தங்கிவிடும். பறவைக்கு அப்படி இல்லை. அதன் நுரையீரல் சிறியது, விறைப்பானது, விரிந்து சுருங்குவதில்லை. அந்த வேலையைச் செய்வது உடலெங்கும் பரவியிருக்கும் காற்றுப் பைகள். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி அவை காற்றை இழுத்துத் தள்ளுகின்றன. முதல் மூச்சில் இழுத்த காற்றில் பெரும்பகுதி நேராகப் பின்பக்கப் பைகளுக்குப் போகிறது. மூச்சை விடும்போது அங்கிருந்து நுரையீரலுக்குள் நுழைகிறது. இரண்டாவது முறை இழுக்கும்போது முன்பக்கப் பைகளுக்கு நகர்ந்து, இரண்டாவது முறை விடும்போதுதான் வெளியேறுகிறது. ஆக, பறவை மூச்சை இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலின் வழியே புதுக்காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அடுத்த நீர்நிலை எங்கே என்று தெரியாமல் மைல் கணக்கில் இறக்கை அடிக்கும் உடலுக்கு இத்தனை ஆக்ஸிஜன் தேவைதான்.

ஆக்ஸிஜனை இவ்வளவு திறமையாக உறிஞ்சும் நுரையீரல், நஞ்சையும் அதே திறமையோடு உறிஞ்சும். நான்ஸ்டிக் தவாவின் மேல்பூச்சு சுமார் 280 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் சிதையத் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத புகையை விடும். சாதாரணச் சமையலில் அவ்வளவு சூடு ஏறுவதில்லை. அடுப்பில் தவாவைப் போட்டுவிட்டு, போன் வந்ததென்று ஹாலுக்குப் போய்ப் பேச்சு நீண்டால் ஏறிவிடும். வெறும் தவாவுக்குச் சில நிமிடங்கள் போதும். அந்தப் புகையில் நமக்குத் தொண்டை கரகரக்கலாம். பக்கத்து அறையில் இருக்கும் பறவை குச்சியிலிருந்து கீழே விழுந்து இறந்துபோகும். காப்பாற்ற அநேகமாக அவகாசமே இருக்காது. பறவை இருக்கும் வீட்டுக்கு இரும்புத் தோசைக்கல்தான் சரி. கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே, சிகரெட் எல்லாவற்றையும் கூண்டு இருக்கும் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

இதே அமைப்பிலிருந்து இன்னொன்றும் புரியும். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்றுப் பைகள் விரியும். பயந்து துடிக்கும் பறவையைக் குழந்தைகள் பாசத்தோடு இரு கையாலும் இறுக்கிப் பிடிக்கும்போது, மூக்கை மூடாமலேயே அதன் மூச்சை நிறுத்திவிடுகிறார்கள். பிடித்தே ஆக வேண்டுமென்றால் கழுத்தைச் சுற்றி இரு விரல் தளர்வாக, உடலைத் துணியால் மெல்லத் தாங்கி, நெஞ்சுப் பக்கத்தைத் திறந்து விட வேண்டும்.

அடுத்து சாப்பாடு. காட்டில் இதன் பிரதான உணவு புல் விதை. பறவைக் கடைகளில் காசு கொடுத்து வாங்கும் கதிர்க்கட்டு வேறொன்றுமில்லை, நம் தினைதான். தினை, சாமை, கம்பு, குதிரைவாலி என்று நம் ஊர்ச் சிறுதானியங்கள் எல்லாமே இதற்கு ஒத்துக்கொள்ளும். சிக்கல் சூரியகாந்தி விதையில் இருக்கிறது. கொழுப்பு நிறைந்த அந்த விதை கிண்ணத்தில் கிடந்தால் பறவை மற்றதை எல்லாம் தள்ளிவிட்டு அதைத்தான் பொறுக்கும். ஒரு நாளில் பல கிலோமீட்டர் பறக்கும் உடலுக்கு அது தகும். இரண்டடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் உடலில் அது ஈரலில் போய்ப் படியும். கொழுப்பு ஈரல் நோய் வளர்ப்புக் காக்டெயில்களிடம் சகஜம். சூரியகாந்தி விதையை எப்போதாவது கையால் கொடுக்கும் தின்பண்டமாக வைத்துக்கொள்ளலாம்.

தானியம் மட்டும் தின்று வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் குறையும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதைச் சரிசெய்யக் கடையிலிருந்து சொட்டு மருந்து வாங்கித் தண்ணீரில் தாராளமாக ஊற்றுவதுதான் ஆபத்து. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் காக்டெயில் உணவு குறித்து 1980-களிலிருந்தே ஆராய்ந்துவரும் இடம். குஞ்சின் வளர்ச்சிக்கு உணவில் 20 சதவீதப் புரதம் வேண்டும் என்று கண்டறிந்ததும் அங்கேதான். அங்கு நடந்த ஒரு சோதனையின் முடிவு 2003-ல் வெளியானது: வளர்ந்த காக்டெயில்கள் வைட்டமின் ஏ குறைவை விட, அது மிகுவதால்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றன. அளவுக்கு மிஞ்சிக் கொடுத்த பறவைகள் குரலெழுப்பும் விதமே மாறிப்போனது. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் இருப்பது வைட்டமின் ஏ அல்ல, அதன் மூலப்பொருளான கரோட்டின். உடல் தனக்கு வேண்டிய அளவு மட்டும் அதிலிருந்து செய்துகொள்ளும். ஆகவே சொட்டு மருந்துப் பாட்டிலை விட ஒரு கொத்து முருங்கைக்கீரை பாதுகாப்பானது. கால்சியத்துக்கு நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையைக் கூண்டில் கட்டிவிட்டால் போதும். கணவாயின் ஓடுதான் அது. வேண்டும்போது பறவை சுரண்டித் தின்னும். அவகாடோ, சாக்லேட், காப்பி, டீ, வெங்காயம், உப்புப் பண்டங்கள் கூடவே கூடாது.

முட்டை விஷயத்துக்கு வருவோம். வளர்ப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். துணையே இல்லாத ஒற்றைப் பெட்டைப் பறவை ஒரு நாள் கூண்டின் மூலையில் முட்டையிட்டு வைத்திருக்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் அடுத்த முட்டை. வீட்டில் எல்லாருக்கும் குதூகலம். ஆண் இல்லாத முட்டை பொரிக்காது என்பது கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும். கவலைப்பட வேண்டியது வேறு: இந்தப் பறவை நிறுத்த மாட்டேன் என்று ஆண்டு முழுக்க முட்டையிட்டுக்கொண்டே போகலாம்.

பாலையில் இனப்பெருக்கத்துக்கு நாள் குறிப்பது மழை. மழை பெய்தால் விதை பெருகும். யூக்கலிப்டஸ் மரப் பொந்து ஒன்று கிடைத்தால் ஜோடி அங்கே குடியேறி நான்கு முதல் ஏழு முட்டை வரை இடும். பகலில் பெரும்பாலும் ஆண் அடைகாக்கும், இரவில் பெண். சுமார் மூன்று வாரத்தில் குஞ்சு வரும். வறட்சி திரும்பினால் எல்லாம் நின்றுவிடும். இப்போது நம் வீட்டைப் பாருங்கள். கிண்ணத்தில் எந்நேரமும் தானியம் வழிகிறது. இரவு 11 மணி வரை டியூப்லைட் எரிவதால் பகல் நீள்கிறது. குஞ்சு எடுக்கும் ஆசையில் கடைக்காரர் கொடுத்த பானையைக் கூண்டில் கட்டியிருப்போம். இல்லையென்றாலும் அலமாரிக்கு அடியிலோ சோபாவுக்குப் பின்னாலோ இருட்டு மூலை ஒன்றை அது கண்டுபிடித்திருக்கும். போதாக்குறைக்கு நாம் செல்லமாக முதுகைத் தடவிக்கொடுக்கிறோம். பறவை மொழியில் அது ஜோடி செய்யும் வேலை. அந்தப் பெட்டையின் உடலைப் பொறுத்தவரை பாலையில் மழை ஓயவே இல்லை.

ஒவ்வொரு முட்டையின் ஓட்டுக்கும் கால்சியம் அதன் எலும்பிலிருந்து போகிறது. முட்டையிடும் பருவத்தில் பெண் பறவைகள் எலும்பின் உட்குழியில் கால்சியத்தைச் சேமித்து வைத்துச் செலவழிக்கின்றன. சேமிப்பு தீர்ந்தால் ஓடு மெலியும், தசை சுருங்க வலுவிருக்காது, முட்டை வழியிலேயே சிக்கிக்கொள்ளும். கூண்டின் தரையில் காலை அகட்டி, உடலை உப்பிக்கொண்டு முக்கும் பெட்டையைக் கண்டால் நாளை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் மருத்துவரிடம் போயாக வேண்டும்.

தடுக்கும் வழியும் பாலையிலிருந்தே கிடைக்கும். பானையை எடுத்துவிடுங்கள். தானியத்தை அளந்து போடுங்கள். மாலை ஆறு, ஏழு மணிக்கெல்லாம் கூண்டை இருட்டாக்கி, 12 மணி நேர இரவு கொடுங்கள். தடவுவதைத் தலையோடும் கழுத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். இட்ட முட்டையை மட்டும் உடனே எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் குறைந்ததை ஈடுகட்ட மேலும் இடும். அது அடைகாத்துச் சலித்துத் தானே விலகிய பிறகு எடுத்தால் போதும்.

இருட்டு என்றதும் ஓர் எச்சரிக்கை. கும்மிருட்டில் காக்டெயில் பீதியடையும் பறவை. திறந்தவெளி மரங்களில் கூட்டமாக இரவு தங்கும்போது, ஏதோ அசைந்தது என்று ஒன்று எழுந்தால் மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்துவிடும். உயிர் பிழைக்க அது நல்ல பழக்கம். கூண்டுக்குள் அதே பழக்கம் நள்ளிரவில் கம்பியில் மோதி இறக்கை கிழிவதில் முடியும். சுவரில் ஒரு பல்லி சத்தமிட்டாலே போதும். பக்கத்தில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

இதன் மனநிலையை அறியப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், கொண்டையைப் பார்த்தால் போதும். குக்கர் விசில் அடித்ததும் கொண்டை செங்குத்தாக எழும்: என்ன அது என்ற உஷார். பாதி தாழ்ந்து, நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்திருந்தால் நிம்மதி. தலையோடு ஒட்டப் படிந்து, வாய் திறந்து, ‘ஹிஸ்’ என்று சத்தம் வந்தால் கையை எடுத்துவிடுங்கள், அடுத்தது கடிதான். தூங்கப் போகும் முன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அலகை ‘கற கற’ என்று அரைக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் நோயென்று பயப்படுவார்கள். அது திருப்தியின் சத்தம்.

ஆண் காக்டெயில் நன்றாக விசிலடிக்கும். பேச்சில் கிளியிடம் தோற்றாலும் ராகத்தில் தோற்காது. ஜப்பானின் அய்ச்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷிமாசா செகி 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கையால் ஊட்டி வளர்த்த காக்டெயில்களுக்கு ‘மிக்கி மவுஸ் மார்ச்’ மெட்டை விசிலடித்துக் கற்றுக்கொடுத்து, பிறகு அதே மெட்டை ஒலிக்கவிட்டார். பறவைகள் அது முடியும் வரை காத்திருந்து திருப்பிப் பாடவில்லை. ஒலிக்கும்போதே நடுவில் சேர்ந்துகொண்டு தாளத்தோடு கூடவே பாடின. பதில் பாட்டுப் பாடும் பறவைகள் நிறைய உண்டு. இன்னொரு குரலோடு நேரம் தவறாமல் ஒத்துப் பாடுவது விலங்குலகில் அபூர்வம். நாள் முழுக்கக் கூட்டத்தோடு ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே வாழ்ந்த பறவை இது. வீட்டில் தனியாக விட்டுவிட்டு எல்லாரும் வேலைக்குக் கிளம்பினால் கத்தத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருமுன் அதற்கு இன்னொரு துணையையோ உங்கள் நேரத்தையோ கொடுங்கள்.

நோயை மட்டும் காட்டிக்கொள்ளாது. நோஞ்சானாகத் தெரியும் பறவையைத்தான் பருந்து முதலில் குறி வைக்கும். ஆகவே கடைசி நேரம் வரை நலமாக இருப்பதாக நடிப்பது இதன் பிறவிக்குணம். நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறை கிராம் தராசு ஒன்றில் வாரம் ஒரு முறை எடை பாருங்கள். 90 கிராம் பறவை 9 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினாலும் உடனே டாக்டரிடம் போங்கள். கிளியினத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல் உண்டு. காய்ந்த எச்சத் தூளை முகர்வதால் வரும். எச்சத்தை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ச்சலும் இருமலும் வந்தால் வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இறகுகளிலிருந்து இது வெண்தூளும் உதிர்க்கும் என்பதால் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காக்டெயில் இந்த மண்ணின் பறவை அல்ல என்பதால் அந்தத் தடை இதற்குப் பொருந்தாது. ஆனால் 15 முதல் 20 ஆண்டு வரை வாழும். பத்தாவது படிக்கும் பிள்ளை கேட்கிறதே என்று வாங்கினால், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆன பிறகும் தானியம் போடப்போவது நீங்கள்தான்.

கடைசியாகப் பறத்தல். டோபால்ஸ்கி என்பவரும் சக ஆய்வாளர்களும் காக்டெயில்களைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு, மார்புத் தசை செலவிடும் சக்தியை வெவ்வேறு வேகங்களில் அளந்தார்கள். 2003-ல் ‘நேச்சர்’ இதழில் அது வந்தது. மிக மெதுவாகப் பறந்தாலும் மிக வேகமாகப் பறந்தாலும் செலவு ஏறுகிறது. நடுத்தர வேகத்தில்தான் குறைவு. நம் ஹாலில் சோபாவிலிருந்து திரைச்சீலைக்குப் பறப்பது அதற்குச் சிரமமான மெதுப் பறத்தல். நேர்கோட்டில் நெடுந்தூரம் போவதுதான் அதற்குச் சுலபம். ஜன்னல் ஒன்று திறந்திருந்து, ஏதோ சத்தத்தில் மிரண்டு வெளியே போனால் சில நிமிடங்களில் தெருக்கள் தாண்டிவிடும். புறாவுக்கு இருக்கும் வீடு திரும்பும் திறமை நாடோடிக்கு ஏது? கூண்டைத் திறக்குமுன் ஜன்னலைச் சாத்துங்கள், சீலிங் ஃபேனை நிறுத்துங்கள்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் பறவையே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் ஒரு நாள் உங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கொண்டை வைத்த சாம்பல் பறவையோ மஞ்சள் பறவையோ வந்து உட்கார்ந்தால், அது எங்கிருந்தோ தவறி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். காக்கைகள் சூழ்ந்துவிட்டால் தப்பாது. துரத்த வேண்டாம். ஒரு தட்டில் தினையும் தண்ணீரும் வைத்துவிட்டு, மெதுவாக விசிலடித்துப் பாருங்கள். பழகிய பறவையென்றால் கிட்ட வரும். மெல்லிய துண்டை அதன் மேல் போட்டு, நெஞ்சை அழுத்தாமல் எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிறகு தெரு வாட்ஸ்அப் குழுவிலும் பக்கத்துப் பறவைக் கடையிலும் சொல்லிவையுங்கள். தொலைத்தவர்கள் முதலில் விசாரிப்பது அங்கேதான்.